கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு: பேசும் முறையும் பழகும் முறையும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ, கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ எல்லையைத் தாண்டி வந்து, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் வாடகை வீடு பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் எங்கள் துணிக்கடைக்கு வரும்போது கேட்கிற முதல் கேள்வி, மலையாளம் தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியுமா என்பதுதான். தாராளமாக முடியும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் காலை முதல் இரவு வரை தமிழ் ஓடிக்கொண்டே இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரு பக்கத்தாரும் மரியாதையை ஒரே இடத்தில் வைத்துப் பேசுவதில்லை. நாம் வினைச்சொல்லின் கடைசியில் வைக்கிறோம், அவர்கள் பேச்சின் வேறொரு மூலையில் வைக்கிறார்கள். இது தெரியாததால்தான் நல்ல மனிதர்கள் ஒருவரையொருவர் திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்து 18 ஆண்டுகளாக இங்கே கடை வைத்திருக்கிற நான், அப்படி நினைத்தும் இருக்கிறேன், நினைக்கப்பட்டும் இருக்கிறேன். எனவே புதிதாக வருகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்தால் நலம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: வருவதற்கு முன் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதித் தமிழர்களைப் 'பிழைக்க வந்தவர்கள்' என்று எண்ணிக்கொண்டு வருவது புதியவர்கள் செய்கிற முதல் தவறு. அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருப்பவர்கள். பாலக்காட்டு நகரம் பிரிட்டிஷ் மலபாரோடு சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், சித்தூர் கொச்சி மன்னரின் ஆட்சிப் பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. 1957 ஜனவரி 1-இல் பாலக்காடு தனி மாவட்டம் ஆனது. ஆட்கள் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. ஆகையால் 'நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?' என்று உள்ளூர்த் தமிழரைக் கேட்காதீர்கள். அவருடைய அப்புச்சிக்கு அப்பன் காலத்துக் கிணற்றைக் காட்டிவிட்டு, நீங்கள் எப்போது வந்தீர்கள் என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்பார்.

அவர்கள் பேசுவது பெரும்பாலும் கொங்குத் தமிழ். ராவுத்தர் குடும்பங்களின் வீட்டுப் பேச்சும் தமிழ்தான். மலையாளக் குடும்பங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் புரியும், திரைப்படத்தின் புண்ணியத்தால் பேசவும் வரும். ஆனால் புரிகிறது என்பதற்காக, அரசு அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ நுழைந்ததும் தமிழில் பொழியத் தொடங்குவது சரியன்று. 'தமிழில் பேசலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசுங்கள். இதுவரை யாரும் எனக்கு முடியாது என்று சொன்னதில்லை.

இரண்டாம் படி: சாமான் இறக்கும் நாள்

லாரியில் சாமான் வந்து நிற்கும்போதே உங்கள் முதல் உறவாடல் தொடங்கிவிடும். கேரளத்தில் சுமை இறக்குவது சங்கம் சேர்ந்த தொழில். சுமட்டுத் தொழிலாளர் சட்டம் 1978-இலேயே வந்துவிட்டது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கிற 'நோக்குக்கூலி' என்ற பழக்கத்தை 2018 மே 1 முதல் அரசு தடைசெய்துவிட்டது. வீட்டுச் சாமானைச் சொந்த ஆட்களைக் கொண்டு இறக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை லாரியின் மேல் ஏறி நின்று அறிவிக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. முதல் நாளே வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு சந்திப்பில் இருக்கும் சுமட்டுத் தொழிலாளர்களிடம் போய், 'நாளைக்குச் சாமான் வருகிறது, சின்னதெல்லாம் நாங்களே இறக்கிக்கொள்கிறோம், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நீங்கள் வந்தால் உதவியாக இருக்கும், கூலி எவ்வளவு?' என்று கேட்டுவிடுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் கூலியும் முடிவாகிவிடும், ஊரில் உங்களை அறிந்த நான்கு பேரும் கிடைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் பத்து ஆண்டு கழித்து மாவு இயந்திரத்தை மாடிக்கு ஏற்றித் தந்தவர்களும், கூலி வாங்க மறுத்தவர்களும் அவர்கள்தாம்.

மூன்றாம் படி: யாரை என்ன சொல்லி அழைப்பது

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதல் ஒரு மாதம், ஒருவரை ஊரார் எப்படி அழைக்கிறார்களோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு அதேபோல் அழையுங்கள்.

மலையாளிகளில் உங்களைவிட மூத்த ஆண் 'சேட்டன்', மூத்த பெண் 'சேச்சி'. மூத்தவரா இளையவரா என்று தெரியாவிட்டால் மூத்தவராகவே வைத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து வயதுப் பேருந்து நடத்துநரை ஐம்பது வயதுக்காரர் 'சேட்டா' என்று அழைப்பதை இங்கே நாள்தோறும் கேட்கலாம். மலையாள முஸ்லிம்களிடம் 'இக்கா', 'இத்தா' என்பார்கள். தமிழ் பேசும் ராவுத்தர்களிடம் அவ்வாறன்றி, கடையிலும் சந்தையிலும் 'ராவுத்தரே' என்று அழைப்பதே பழைய வழக்கம், அண்ணன் என்று அழைத்தாலும் குறையில்லை. ஆசிரியர் என்றால் ஆண் 'மாஷ்', பெண் 'டீச்சர்'. ஓய்வு பெற்று முப்பது ஆண்டு ஆனாலும் அவர் மாஷ்தான். கொங்குத் தமிழர்களிடம் உறவுச் சொல்லைவிட 'ங்க' முக்கியம். 'ஆமாங்க', 'சரிங்க', 'ஏனுங்க' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் அது வந்து நிற்க வேண்டும். சோழநாட்டிலிருந்து வந்த நான் 'ஆமாம்' என்று மொட்டையாகச் சொல்லிச் சொல்லி, 'அந்தத் துணிக்கடைக்காரருக்கு ரொம்ப வெடுக்கு' என்ற பெயரை முதல் ஆண்டிலேயே சம்பாதித்தேன். இளம்பெண்ணை 'அம்மிணி' என்றும், சிறுவர்களைக் 'கண்ணு' என்றும் பெரியவர்கள் அழைப்பார்கள்; அது அன்பு, அதைப் புதியவர் உடனே எடுத்துப் பேச வேண்டியதில்லை.

அடுத்தது முன்னிலைச் சொல். நமக்கு 'நீங்கள்' என்றால் மரியாதை முடிந்தது. மலையாளத்தில் 'நிங்ஙள்' என்ற சொல் மலபார்ப் பக்கம் மரியாதையாக நிற்கிறது. தெற்கே திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் காதில், அதுவும் பதவியிலோ வயதிலோ பெரியவரைப் பார்த்துச் சொல்லும்போது, அது எடுத்தெறிந்து பேசுவதுபோல் விழும். அலுவலகங்களில் எந்த மாவட்டத்துக்காரர் உட்கார்ந்திருப்பார் என்று நமக்கு எப்படித் தெரியும்? மலையாளிகளே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: முன்னிலைச் சொல்லையே தவிர்த்துவிட்டு, 'சார் எப்போழா வந்நது?', 'டீச்சர் இரிக்கூ' என்று பதவியையோ உறவையோ சொல்லிப் பேசிவிடுவார்கள். நீங்களும் 'சார் எப்ப வந்தீங்க?' என்று கேட்டுவிட்டால் இரு மொழிக்கும் பொருந்திவிடும்.

இனி நான் இடறி விழுந்த இடத்தைச் சொல்கிறேன். நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர், ஊரே எழுந்து நிற்கிற மனிதர். ஒரு நாள் வாடகை கொடுக்கப் போனபோது அவருடைய மகன் வாசலில் நின்று, 'அச்சன் இப்போ வந்நு, அகத்துண்டு' என்றான். 'அப்பா இப்ப வந்தான், உள்ளே இருக்கான்' என்று சொன்னதுபோல் எனக்குக் கேட்டது. பெற்ற தகப்பனை இப்படியா சொல்வான் ஒருவன் என்று அன்றிரவு முழுக்க வீட்டில் பேசிப் பேசி ஆற்றாமைப்பட்டேன். மலையாள வினைச்சொல்லுக்கு ஆண், பெண், ஒருமை, பன்மை என்ற வால் கிடையாது என்பதும், நான் வந்தாலும் நாய் வந்தாலும் நாட்டின் குடியரசுத் தலைவர் வந்தாலும் 'வந்நு' ஒன்றுதான் என்பதும் எனக்கு விளங்க மாதக்கணக்கு ஆயிற்று. அந்தப் பையன் மரியாதையை வினையில் வைக்கவில்லை. தகப்பன் வெளியே வந்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டான், அதில் வைத்திருந்தான். நான் அதைப் பார்த்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கிவிடுவதும் எல்லையின் இரு பக்கமும் பொதுவான மொழி. பெரியவர் எதிரே வந்தால், கோயில் முன் கடந்தால், இழவு ஊர்வலம் போனால், மடிப்பு இறங்க வேண்டும். கால்சட்டை போட்ட இளைஞர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் இருசக்கர வண்டியை மெதுவாக்கி ஒரு தலையசைப்புக் கொடுத்தால் போதும்.

ஏவலிலும் ஒரு நுட்பம் உண்டு. 'வா', 'இரி' என்றால் நெருக்கம் அல்லது அதிகாரம். 'வரூ', 'இரிக்கூ' என்று கடைசி உயிரை இழுத்தால் மரியாதை. இன்னொன்று, நாம் ஒருவரைக் குறித்து 'அவர்' என்று சொல்வது மலையாளியின் காதில் 'அவர்கள் பலர்' என்று கேட்கும். 'அவர் நேற்றே சொல்லிட்டார்' என்று நீங்கள் சொன்னால், எத்தனை பேர் சொன்னார்கள் என்று அவர் யோசிப்பார். பெயரையும் 'சார்' அல்லது 'சேட்டன்' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

நான்காம் படி: இரண்டு வீட்டிலும் வேறு பொருளில் இருக்கும் சொற்கள்

தெரியாத சொல்லால் யாரும் சண்டை போடுவதில்லை. தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் தடுமாற்றம். பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு மார்கழிக் காலையில் மதிலுக்கு அப்பாலிருந்து, 'மோள்க்கு பனியாணு' என்றார். 'ஆமாம், இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்திதான்' என்று என் மனைவி பதில் சொல்லிவிட்டுக் கோலத்தைத் தொடர்ந்தாள். மகளுக்குக் காய்ச்சல் என்று அந்தம்மாள் சொல்லியிருக்கிறார். 'பனி' என்றால் அங்கே காய்ச்சல். மாலையில் விஷயம் தெரிந்து கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு என் மனைவி ஓடினாள். இன்று வரை அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதே வகையில் இன்னும் சில. மதியம் தாண்டி யாரேனும் 'ஊணு கழிச்சோ?' என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். சாப்பாடு ஆயிற்றா என்று நலம் கேட்கிறார்கள், நம் 'சாப்பிட்டீங்களா' போலத்தான். 'ஒந்நு சம்சாரிக்கணம்' என்றால் பேச வேண்டும் என்று பொருள், உங்கள் சம்சாரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. 'அவசரம்' வாய்ப்பைக் குறிக்கும். உங்கள் பையனுக்குப் பள்ளி விழாவில் 'ஒரு அவசரம்' கொடுக்கிறோம் என்று ஆசிரியை சொன்னால் மகிழ்ச்சியடையுங்கள். 'வெள்ளம்' குடிநீர். 'மதி' போதும். 'தாமசம்' குடியிருப்பு; 'எவிடெயா தாமசம்?' என்று கேட்பவர் ஏன் தாமதம் என்று உங்களைக் கேட்கவில்லை. வாசல் கதவில் 'பட்டியுண்டு' என்று எழுதியிருந்தால் உள்ளே நாய் இருக்கிறது. உசிலம்பட்டி, கோவில்பட்டிக்காரர்கள் சொந்த ஊரைச் சொல்லும்போது எதிரே ஒரு புன்னகை எழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சாயக்கடையும் பற்றுப் புத்தகமும்

ஆண்களுக்கு ஊர் அறிமுகம் நடப்பது சாயக்கடையில், அதாவது தேநீர்க் கடையில். பால் இல்லாத தேநீர் 'கட்டன்', சர்க்கரை இல்லாதது 'விதௌட்', கூடத் தின்னும் பரிப்புவடையும் பழம்பொரியும் 'கடி'. மேசைமேல் செய்தித்தாள் பல துண்டுகளாகப் பிரிந்து ஆளுக்கொரு தாளாகப் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் தாளைக் கையிலிருந்து வாங்காதீர்கள், அவர் மேசைமேல் வைத்த பிறகு எடுங்கள். அரசியல் பேச்சு உரத்து நடக்கும். குரல் உயர்ந்ததும் கைகலப்பு வரப் போகிறது என்று நாம் பயப்படுவோம். பத்து நிமிடம் கழித்து அந்த இருவரும் ஒரே வண்டியில் ஏறிப் போவார்கள். முதல் ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. கட்சியைச் சொல்லாதவரைக்கூட மன்னிப்பார்கள், செய்தித்தாளே படிக்காமல் கருத்துச் சொல்கிறவரை மன்னிக்க மாட்டார்கள்.

மளிகைக் கடையில் கடன் வைத்துக்கொள்வதற்கு இரு மொழியிலும் ஒரே சொல், பற்று. அறிமுகம் இல்லாமல் பற்று கேட்பது அழகல்ல. இரண்டு மாதம் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள்; மூன்றாம் மாதம் சில்லறை இல்லாத ஒரு நாளில் கடைக்காரரே 'எழுதி வைக்கட்டுமா?' என்று கேட்பார். அன்றைக்கு உங்களுக்கு ஊரில் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. இங்கே உரிமம் பெற்ற கள்ளு ஷாப்புகள் சட்டப்படி நடக்கின்றன, சித்தூர்த் தென்னந்தோப்புகளின் கள் மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. கள் இறக்குகிறவரையும் குடிக்கப் போகிறவரையும் நம் ஊர்க் கண்ணோடு பார்த்து ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். அது இங்கே தொழில், அந்தத் தொழிலாளிக்கு நல வாரியம்கூட உண்டு.

ஆறாம் படி: அக்கம்பக்கமும் அயல்கூட்டமும்

பெண்களுக்கு ஊர் அறிமுகம் நடப்பது அயல்கூட்டத்தில். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அடித்தட்டு அலகு இது. பத்து முதல் இருபது பெண்கள், ஒரு வீட்டுக்கு ஒருவர், வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சேமிப்புப் பணம் கட்டி, கடன் பேசி, ஊர்ச் செய்தியும் பேசி முடிப்பார்கள். தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுவை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே அது பஞ்சாயத்தோடு இறுக்கமாகப் பின்னியது. தெருவுக்கு வந்த ஒரு மாதத்துக்குள் குழுவின் செயலாளரைப் பார்த்து, சேர இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இடம் இல்லாவிட்டாலும் கேட்டது நல்லது. தெருவில் யாருக்கு என்ன உடம்பு, எந்த வீட்டில் கல்யாணம், கிராமசபை எப்போது என்பதெல்லாம் அதன்பின் தானாக உங்கள் வாசலுக்கு வந்து சேரும்.

மாதம் ஒரு முறை ஹரித கர்ம சேனை என்ற கழிவு சேகரிப்புக் குழுவின் பெண்கள் பிளாஸ்டிக் வாங்க வருவார்கள். பால் பாக்கெட்டைக் கழுவி உலர்த்தி வைத்திருந்து, கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். நாறுகிற மூட்டையை அவர்கள் முன் தள்ளிவிட்டு உள்ளே போகிற வீட்டைத் தெரு மறப்பதில்லை. வெயிலில் வருகிறவர்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து, போசி. கொங்குப் பக்கம் பாத்திரத்துக்குப் பெயர் போசி. ஓணத்தன்று மலையாள வீட்டிலிருந்து பாயசமும் பொங்கலன்று தமிழ் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கலும் மதிலுக்கு மேலாகப் போய்வரும். வந்த போசியை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். ஆனால் அதற்காக அடுத்த நாளே கேசரி கிண்டி அனுப்பினால், கடனைத் தீர்த்தது போல் ஆகிவிடும். நான்கு வெற்றிலையோ ஒரு கை முருங்கைக் கீரையோ போட்டுக் கொடுத்துவிட்டு, உங்கள் பண்டிகை வரும்வரை காத்திருங்கள். அரசுகளும் இதைப் புரிந்துவைத்திருக்கின்றன: தைப்பொங்கலுக்குக் கேரளம் பாலக்காடு உட்பட ஆறு எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுகிறது, ஓணத்துக்குத் தமிழ்நாடு கோவை, நீலகிரி, கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களில் விடுகிறது. சித்திரையில் விஷுவும் நம் வருடப் பிறப்பும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வரும். விஷுவன்று பெரியவர் உங்கள் குழந்தையின் கையில் நாணயம் வைத்தால் 'எதற்கு இதெல்லாம்' என்று தடுக்காதீர்கள்; அது கைநீட்டம், மறுத்தால் அவர் மனம் வாடும்.

ஏழாம் படி: அலுவலகத்தில்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள், இங்கே வரிசை என்பது கிட்டத்தட்ட வழிபாடு. எந்தப் படிவத்திலும் 'வீட்டுப்பேர்' கேட்பார்கள். நமக்கு அப்படி ஒன்று கிடையாது என்று வாதாட வேண்டாம், குடியிருக்கும் வீட்டின் பெயரை எழுதிவிடுங்கள். மலையாளிகள் தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவார்கள், நாம் முன்னால்; அட்சயா என்ற இணையச் சேவை மையத்தில் பதியும்போது உங்கள் ஆதாரில் உள்ளபடியே வருகிறதா என்று திரையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழில் மனுக் கொடுக்கக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அவசர வேலையானால் மலையாளத்தில் எழுதித் தரச் சொல்லிக் கொடுப்பதே விரைவு என்பது என் அனுபவம். உரிமையை நிலைநாட்ட வேண்டிய வேலையானால் தமிழிலேயே கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பேர் என்றதும் இன்னொன்று. 'நீங்க எந்த ஆளுங்க?' என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்பது நம் பக்கத்து நோய். வீட்டுப்பேரையும் தகப்பன் பெயரையும் கேட்டு அதையே கண்டுபிடித்துக்கொள்வது அந்தப் பக்கத்து நோய். கேட்டால் 'கடைத்தெருவில் இருக்கோமுங்க' என்று ஊரைச் சொல்லி நிறுத்துங்கள். நீங்கள் கேட்காதீர்கள்.

எட்டாம் படி: நல்லதிலும் கெட்டதிலும்

கல்யாணத்துக்கு அழைத்தால் இரு வீட்டாருக்கும் இரு கணக்கு. தமிழ்க் கல்யாணத்தில் மொய் நோட்டு இருக்கும். பெயரும் ஊரும் தெளிவாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த நோட்டு இருபது ஆண்டு கழித்தும் திறக்கப்படும். மலையாளக் கல்யாணத்தில் உறையைக் கையில் கொடுத்துவிடுவார்கள், சடங்கு சில நிமிடங்களில் முடியும், பந்திக்குப் போகிற வேகம் நமக்கு மூச்சு வாங்கும். சத்யை என்கிற இலை விருந்தில் பருப்பு, சாம்பார் முடிந்து பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்தது என்று எண்ணி இலையை மடித்துவிடாதீர்கள். அதன் பிறகும் சோறும் மோரும் வரும்.

கோயிலில் பூசாரி சந்தனத்தை மேலிருந்து கையில் போடுவார், தொட்டுத் தர மாட்டார். எங்களைத் தீண்டத்தகாதவராக நினைத்தார்களோ என்று புதிதாக வந்த ஒருவர் கொதித்துப்போய் என்னிடம் கேட்டார். மாவட்ட ஆட்சியர் வந்தாலும் அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்லி அமைதிப்படுத்தினேன். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவர் கோபம் பொருத்தமான பதில்தான் என்பதையும் மறைக்கவில்லை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய கோயில்கள் உண்டு, வாசலில் மற்றவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். சித்தூர்ப் பகவதி கோயிலின் கொங்கன் படை விழா, கொங்கு மன்னனின் படையைப் பகவதி அருளால் வென்ற கதையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவது. கொங்குத் தமிழர்களும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தாங்கள் தோற்கிற அந்தக் கதையைப் பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். நீங்களும் போய் வாருங்கள்.

சாவு வீட்டுக்கு அழைப்பு வராது. சந்திப்பில் சிறு கறுப்புக் கொடி கட்டியிருந்தால் யாரிடமாவது விசாரித்து, பழக்கம் குறைவானாலும் போய் நிற்க வேண்டும். பேச வேண்டிய அவசியமில்லை. வழக்கமான நாளில் மலையாளி 'எந்நா இறங்ஙட்டே' என்பார், நாம் 'போயிட்டு வர்றேங்க' என்போம். சாவு வீட்டில் அதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: சண்டையும் தண்ணீரும்

மதில், சாக்கடை, மரக்கிளை என்று தகராறு வந்தால், நம் ஊரில்போல் உறவுக்காரப் பெரியவர்களைத் திரட்டிப் பஞ்சாயத்துப் பேச முடியாது. முதலில் வார்டு மெம்பரைப் பாருங்கள். கட்சி பார்க்காமல் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். அவரும் மாலைக்குள் வந்து நிற்பார், அது அவருடைய அடுத்த தேர்தல்.

தண்ணீரைப் பற்றிய பேச்சில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம்; பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கைப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். 1970-இல் கையெழுத்தான அந்த உடன்படிக்கையின் எண்களை இங்குள்ள விவசாயி, அவர் தமிழராயினும் மலையாளியாயினும், பேரன் பிறந்தநாள்போல் நினைவில் வைத்திருப்பார். மணக்கடவில் வரத்துக் குறைகிற மாதத்தில் காய்வது தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைக்காரரின் தென்னையும்தான். ஆகவே 'நம்ம ஆளுங்க தண்ணி விடறாங்க, அவங்க வாங்கறாங்க' என்ற கணக்கில் வாயைத் திறக்காதீர்கள். நான் ஒரு முறை திறந்தேன், எதிரே இருந்த கவுண்டர் ஒருவர் 'உங்களுக்கு நாங்க யாருங்க?' என்று மட்டும் கேட்டார்.

'பாண்டி' என்ற இழிசொல் எப்போதாவது காதில் விழும். சின்னப் பையன்கள் சொன்னால் அவர்கள் வீட்டுப் பெரியவரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பெரியவர் ஒருவர் சொன்னால், சாட்சி இருக்கும்போது, குரல் உயர்த்தாமல், 'அப்படிச் சொல்லாதீங்க சேட்டா' என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எங்கள் கடையில் அதைச் செய்திருக்கிறேன்; மற்ற வாடிக்கையாளர்கள், அவர்களும் மலையாளிகள்தாம், என் பக்கம் பேசினார்கள். நம் வீட்டுக்குள் 'மலையாளத்தான்' என்று வருகிற பேச்சையும் அன்றே நிறுத்திக்கொள்ள வேண்டும், குழந்தைகள் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போய்விடும்.

பத்தாம் படி: வீட்டைக் காலி செய்யும்போது

வேலை மாற்றத்தால் இரண்டு, மூன்று ஆண்டில் கிளம்புகிறவர்கள் அதிகம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அயல்கூட்டத்துச் சேமிப்பைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஹரித கர்ம சேனைக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். தெருவில் யாருடைய போசியாவது அடுக்களையில் தங்கியிருக்கிறதா என்று தேடுங்கள்; கட்டாயம் ஒன்று இருக்கும். பிறகு கடைத்தெருவுக்கு வந்து பற்றுப் புத்தகத்தைக் கேளுங்கள். எங்கள் கடையில் கணக்கு முடிந்த பக்கத்தின் மேல் குறுக்கே கோடு போடும் முன், அந்த வீட்டார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று ஓரத்தில் எழுதிக்கொள்வேன். திண்டுக்கல், திருச்சூர், ஓசூர் என்று அந்த ஓரம் நிறைந்திருக்கிறது.